பெரியம்மாவின் ஆதாரில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். பெரியம்மாவுக்கு வயது 67. ஆந்திராவில் நகரியை ஒட்டிய ஊர். பிள்ளைகள் இல்லை. தறி நெய்த பெரியப்பா ஆந்திர அரசின் முதியோர் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தார். போன மாதம் மூச்சுத் திணறல் என்று திருத்தணி ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்கள், அங்கேயே இறந்துவிட்டார். இப்போது பெரியம்மாவைப் பள்ளிப்பட்டுக்கு, உங்கள் வீட்டுக்கே அழைத்து வந்து, ஆதார் முகவரியையும் மாற்றி, தமிழ்நாட்டு முதியோர் ஓய்வூதியமான ஓ.ஏ.பி.க்கு எழுதிப் போடலாம் என்று நினைக்கிறீர்கள். கூடவே, அந்தப் பக்கத்துப் பணத்தையும் விடாமல் இரண்டு இடத்திலும் வாங்க வழி உண்டா என்று கடைசியில் ஒரு வரி.

கடைசி வரிக்கு முதலில் பதில்: இல்லை. இருப்பது ஒரே ஆதார் எண். இரண்டு மாநிலத்திலும் ஏறினால் ஒருநாள் மாட்டும். மாட்டினால், வாங்கியதைத் திருப்பிக் கட்டு என்பார்கள். 67 வயதுக்காரரிடம் எதை வைத்துக் கட்டச் சொல்வீர்கள்?

அதைவிட முக்கியமானது இன்னொன்று. ஆதார் முகவரியை மாற்ற அவசரப்படாதீர்கள். பாசத்தில் நீங்கள் செய்யப்போகும் அந்த ஒரு காரியத்தால், பெரியம்மாவுக்கு இருக்கிற நல்ல வழி அடைபட்டுப் போகும். ஏன் என்பதைத்தான் இந்தப் பதில் முழுக்கச் சொல்லப்போகிறேன்.

நான் நகரியை ஒட்டிய ஏகாம்பரகுப்பத்துக்காரன். பத்துப் பதினைந்து வருஷமாகத் தறிக்காரர் வீடுகளுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். தெலுங்கு எழுதப் படிக்கத் தெரிந்த தமிழன் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. 1960ல் மத்தியஸ்தர் பட்டாஸ்கரின் முடிவுப்படி எல்லையைத் திருத்தியபோது திருத்தணி உங்கள் பக்கம் வந்தது, நகரி எங்கள் பக்கமே நின்றுவிட்டது. கோடுதான் நடுவில் போனது, பெண் எடுப்பதும் கொடுப்பதும் நிற்கவில்லை. அதனால் உங்களுடையது மாதிரியான வழக்கு மாதத்துக்கு ஒன்றாவது என் திண்ணைக்கு வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பெரியம்மாவுக்கு அறுபது தாண்டியும் ஏன் இதுவரை பென்ஷன் வரவில்லை என்று யோசித்தீர்களா? ஆந்திராவில் பொதுவாக ஒரு ரைஸ் கார்டுக்கு, அதாவது அங்கத்து ரேஷன் அட்டைக்கு, ஒரு பென்ஷன். மாற்றுத்திறனாளி போன்ற சிலருக்குத்தான் விலக்கு. பெரியப்பா வாங்கிக்கொண்டிருந்தார், அதனால் பெரியம்மாவுக்குக் கிடையாது. இப்போது அவர் இல்லை. 2024 நவம்பரிலிருந்து இங்கே ஒரு ஏற்பாடு நடப்பில் இருக்கிறது: முதியோர் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர் இறந்தால், புதிய மனுக்களின் வரிசையில் நிற்காமல் அவர் மனைவிக்கு விதவை பென்ஷனாக அது தொடரும். சச்சிவாலயத்தில், அதாவது ஊரில் இருக்கும் அரசு அலுவலகத்தில், இதை ‘ஸ்பவுஸ் பென்ஷன்’ என்பார்கள், அந்தச் சொல்லைச் சொல்லியே கேளுங்கள். தொகை அதே 4,000.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது காத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். புதிதாக முதியோர் பென்ஷன் கேட்டு எழுதும் மனுவுக்கு எல்லா நாளும் கதவு திறந்திருக்காது. முந்தைய ஆட்சியில் வருஷத்துக்கு இரண்டு தடவை, ஜனவரியிலும் ஜூலையிலும், புதியவர்களைச் சேர்த்தார்கள். மற்ற மாதங்களில் மனு போட்டால் ‘வைத்துவிட்டுப் போங்கள்’ என்பதுதான். என் தெருவிலேயே அறுபது முடிந்து இரண்டு வருஷமாக அப்படி வைத்துவிட்டுப் போனவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். உங்கள் பெரியம்மாவுக்கு அந்த வரிசையே இல்லை. முகவரியைத் தமிழ்நாட்டுக்கு மாற்றினால் அந்தச் சலுகையை நீங்களே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

தொகையையும் பார்த்துவிடுவோம். எல்லை பிரிந்து இரண்டே வருஷத்தில், 1962ல், சென்னை மாகாண அரசு ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. மத்திய அரசுக்கு அந்த யோசனை வர 1995 ஆகஸ்ட் 15 ஆயிற்று, அதுவும் 75 ரூபாயோடு. முன்னோடி யார் என்று கேட்டால் தமிழ்நாட்டைத்தான் சொல்ல வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தமிழ்நாட்டில் 2011ல் 1,000 ஆனது, 2023 ஆகஸ்டில்தான் 1,200 ஆனது. ஆந்திரக் கதை வேறு. ராஜசேகர ரெட்டி காலத்தில் 200. 2014ல் சந்திரபாபு வந்து 1,000 ஆக்கினார், 2019 தேர்தலுக்கு முன்னால் ஜனவரியில் 2,000. பிறகு ஜெகன் 2,250ல் ஆரம்பித்துப் படிப்படியாக 2024 ஜனவரியில் 3,000க்குக் கொண்டு வந்தார். அதே வருஷம் ஜூலையில் மறுபடி சந்திரபாபு வந்து 4,000. தேர்தலுக்குத் தேர்தல் ஏலம் கேட்ட மாதிரி ஏறியது. குறை சொல்கிறவர்கள் சொல்லட்டும், ஏலத்தில் லாபம் அடைந்தது கிழவன் கிழவிகள் என்றால் எனக்கு வருத்தமில்லை. அந்த ஜூலை முதல் தேதி ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாத வித்தியாசத்தையும் சேர்த்து 7,000 கொடுத்தார்கள். எங்கள் எதிர்வீட்டு அம்மா ஐந்நூறு ரூபாய்த் தாள் பதினாலையும் மூன்று தடவை எண்ணிவிட்டு, ‘இதில் ஒன்று கூடுதலாக வந்துவிட்டதா பார்’ என்று என்னிடம் நீட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இதில் டெல்லியின் பங்கு எவ்வளவு என்று தெரிந்தால் சிரிப்பு வரும். இந்திரா காந்தி பெயரில் வரும் தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய், 80 ஆனால் 500. அந்த 200 இருபது வருஷமாக 200 தான். மீதியெல்லாம் அந்தந்த மாநிலத்தின் கைக்காசு. அதனால்தான் சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை.

ஆனால் தொகை மட்டும் வித்தியாசம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு அரசும் கேட்கிற கேள்வியே வேறு. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பலபேர் ஏமாந்து போகிறார்கள்.

தமிழ்நாட்டுத் திட்டத்தின் உயிர் ‘ஆதரவற்ற’ என்ற சொல்லில் இருக்கிறது. வி.ஏ.ஓ. வந்தவுடன் கேட்கும் முதல் கேள்வி, ‘உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?’ மகன் இருக்கிறானா, எங்கே இருக்கிறான், யார் வீட்டில் சாப்பாடு? மகன் இருந்தும் கஞ்சி ஊற்றாதவன் என்றால் அதை நிரூபிக்கிற பாடு அந்தத் தாயின் தலையில். அக்கம்பக்கத்தார் முன்னால் ‘என் பிள்ளை என்னைக் கவனிப்பதில்லை’ என்று எந்தத் தாய்க்கு வாய் வரும்? அங்கேயே பாதி மனு செத்துவிடுகிறது.

ஆந்திரத் திட்டம் அப்படிக் கேட்பதில்லை. அது ‘உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது?’ என்று கேட்கும். மனுஷரைக் கூடக் கேட்காது, கம்ப்யூட்டரைக் கேட்கும். ஆறு கட்டச் சோதனை என்று இதற்குப் பெயர். கார்டில் உள்ளவர்களின் மாத வருமானம் கிராமத்தில் 10,000, நகராட்சியில் 12,000 தாண்டக்கூடாது. நிலம் நஞ்சை 3 ஏக்கர், புஞ்சை 10 ஏக்கருக்குள். கார் கூடாது, டாக்ஸி, ஆட்டோ, டிராக்டர் பரவாயில்லை. அரசு வேலையில் இருப்பவரோ வருமான வரி கட்டுபவரோ கார்டில் இருக்கக்கூடாது. நகராட்சிக்குள் 1,000 சதுர அடிக்கு மேல் கட்டடம் இருக்கக்கூடாது. கடைசியாக, மின்சாரம் மாதம் சராசரி 300 யூனிட்டுக்குள். மகன் குடிகாரனா, கவனிக்கிறானா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது, தேவையும் இல்லை.

இந்த மின்சாரக் கணக்கில்தான் தறிக்கார ஊர்களில் சிக்கல். என் தெருவில் ஒரு பாட்டி. ஒற்றை அறை, ஒரு குண்டு பல்பு, ஒரு ஃபேன். பென்ஷன் திடீரென்று நின்றது. ‘யூனிட் அதிகம்’ என்றார்கள். தேடிப் பார்த்தால், காலமான அவர் கணவர் பெயரில் இருந்த மீட்டர், பக்கத்துப் பகுதியை வாடகைக்கு எடுத்தவர் மீட்டர், பின்கட்டு மீட்டர் என்று மூன்றும் இந்தப் பாட்டியின் ஆதாரில் ஏறியிருந்தன. எல்லாவற்றையும் கூட்டிப் பாட்டியை ஜமீன்தாரிணி ஆக்கிவிட்டது கம்ப்யூட்டர். மின்சார ஆபீசுக்கு நாலு நடை, சச்சிவாலயத்துக்கு ஆறு நடை. ஒவ்வொரு மீட்டரையும் உரியவர் ஆதாரில் மாற்றி ஏற்றிய பிறகுதான் மறுபடி வந்தது. அதனால் பெரியப்பா பெயரில் எத்தனை மீட்டர் இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். தறி கொட்டகையை வாடகைக்கு விட்டிருந்தால் அந்த மீட்டரைப் பெரியம்மா பெயருக்கு மாற்றிவிடாதீர்கள்.

இப்போது உங்கள் யோசனைக்கு வாருங்கள். பெரியம்மாவை அழைத்து வந்து, பள்ளிப்பட்டில் உங்கள் குடும்ப அட்டையில் பெயர் சேர்த்துவிட்டு, அப்புறம் ஓ.ஏ.பி.க்கு மனு போட்டால் என்ன ஆகும்? இ-சேவையில் பதிவு செய்வீர்கள். அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ. வழியாகச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தாரிடம் போகும். வி.ஏ.ஓ. வீட்டுக்கு வருவார். மாடி வீடு, வாசலில் வண்டி, உள்ளே சுடச்சுடச் சாப்பாடு, பக்கத்தில் நீங்கள். ‘ஆதரவு இருக்கிறதே’ என்று எழுதுவார். அவர் எழுதுவது பொய்யும் அல்ல. நீங்கள் சோறு போடுகிற அன்றைக்கே அவர் ஆதரவற்றவர் இல்லை என்று ஆகிவிடுகிறார். இந்தத் திட்டத்தின் கோணலே அதுதான். நல்ல மனசோடு கூப்பிட்டு வைத்துக்கொள்கிறவரின் வீட்டில் பணம் வராது, தனியாகக் கிடக்கட்டும் என்று விட்டவருக்கு வரும்.

தமிழ்நாட்டு முறையை நான் இளப்பமாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். பணத்தோடு அரிசியும் பொங்கல், தீபாவளிக்குச் சேலை வேட்டியும் தருகிறார்கள். ஆதரவற்ற விதவைகளுக்கென்று 1975லிருந்தே தனித் திட்டம் இருக்கிறது. பெரியம்மா உண்மையிலேயே உங்கள் பக்கம் நிரந்தரமாகக் குடிவந்து, பல வருஷம் அங்கேதான் இருக்கப்போகிறார் என்றால் அதைப் பார்க்கலாம். ஆனால் கையில் இருக்கிற 4,000ஐ விட்டுவிட்டு, வருமா வராதா என்று தெரியாத 1,200க்கு ஓட வேண்டுமா?

‘சரி, அப்படியானால் நகரியில் தனியாகவே விடச் சொல்கிறாயா?’ என்று கேட்பீர்கள். இல்லை. இங்கேதான் ஒரு விதி உங்களுக்குக் கைகொடுக்கும். ஒரு மாதம் ஊரில் இல்லை, வாங்கவில்லை என்றால் பணம் போய்விடாது. இரண்டு மாதம் தொடர்ந்து வாங்காவிட்டால் மூன்றாம் மாதம் மூன்றையும் சேர்த்து 12,000 வாங்கிக்கொள்ளலாம். மூன்றாம் மாதமும் ஆள் இல்லை என்றால் நிரந்தரமாக ஊரைவிட்டுப் போனவர் என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். ஆக, பெரியம்மா உங்கள் வீட்டில் ஒன்றரை மாதம், நகரியில் சில நாள் என்று இருக்கலாம். பள்ளிப்பட்டிலிருந்து பஸ் ஏறினால் எவ்வளவு நேரம்? முப்பதாம் தேதி சாயங்காலம் கொண்டுபோய் விடுங்கள், மறுநாள் மத்தியானம் கூட்டி வந்துவிடலாம். அந்த வீட்டுக்கும் விளக்கு ஏற்றின மாதிரி ஆகும்.

அரிசியைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் ஆந்திரக் கார்டுக்குரிய மத்திய அரசு அரிசியைத் தமிழ்நாட்டு ரேஷன் கடையில் கைரேகை வைத்து வாங்கலாம். அரிசி எல்லை தாண்டும், பென்ஷன் தாண்டாது. அவ்வளவுதான்.

முதல் தேதிக் காலையை நீங்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது, அதனால் சொல்கிறேன். முதல் தேதி விடுமுறை என்றால் முந்தின நாளே. ஏழு மணிக்கெல்லாம் சச்சிவாலயத்து ஆள் தெருமுனையில் வண்டியை நிறுத்துவார். ஒரு கையில் செல்போன், அதோடு கம்பி கோத்த கைரேகைக் கருவி, தோளில் பணப்பை. நாங்கள் ‘பின்ஷன் வந்தாச்சு’ என்று குரல் கொடுத்தால் திண்ணைகள் நிறைந்துவிடும். நூல் இழுத்து இழுத்து ரேகை தேய்ந்த விரல்கள். கட்டைவிரல் வைத்தால் சிவப்பு விளக்கு, ஆள்காட்டி விரல் வைத்தால் சிவப்பு விளக்கு. பாட்டிகளுக்கு ஒரு வைத்தியம் உண்டு: தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு தேய்த்து, முந்தானையில் துடைத்துவிட்டு, மறுபடி வைப்பார்கள். சிலநேரம் வேலை செய்யும். விஞ்ஞானம் என்ன சொல்லும் என்று தெரியாது, எங்கள் தெருவில் சொல்வது அதுதான். ரேகை விழவே இல்லை என்றால் கண்ணையோ முகத்தையோ பிடித்துச் சரிபார்க்க வழி இருக்கிறது, ‘ரேகை விழவில்லை, அடுத்த மாசம் பார்க்கலாம்’ என்று சொன்னால் விட்டுவிடக்கூடாது. பெரியம்மாவுக்குத் தறி வேலை பழக்கம் என்றால் இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள். வாசலில் வைத்தே எண்ணி வாங்கச் சொல்லுங்கள். சில்லறை இல்லை, டீக்கு வேண்டும் என்று நூறு இருநூறு பிடிப்பது இப்போது குறைந்திருக்கிறது, ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

வீட்டுக்கே வருவது என்ன பெரிய விஷயம் என்று 2024 வரைக்கும் நானும்தான் நினைத்தேன். அந்த ஏப்ரலில் தேர்தல் நேரம் என்று, அதுவரை வீட்டுக்கு வந்து கொடுத்துக்கொண்டிருந்த வாலண்டியர்கள் பணம் கொடுக்கக்கூடாது என்று தேர்தல் கமிஷன் தடுத்தது. கிழவர்களெல்லாம் வெயிலில் சச்சிவாலயத்து வாசலில் உட்கார்ந்தார்கள். மே மாதம் பெரும்பாலானவர்களுக்கு வங்கிக் கணக்கில் போட்டார்கள். பல வருஷமாகத் தொடாத கணக்கு. எடுக்கப் போனால் கணக்கே முடங்கிக் கிடக்கிறது, ஆதார் இணைக்கவில்லை, இன்னொரு வங்கியில் போய் விழுந்திருக்கிறது. அந்த வெயிலில் ஊருக்கும் வங்கிக்கும் அலைந்தவர்களைப் பார்த்த பிறகுதான் புரிந்தது, வாசலுக்கு வருகிற 1,000 வங்கிக்கு வருகிற 1,500க்குச் சமம் என்று.

அதேபோல் தேதியும். பாலக்காட்டுப் பக்கம், சித்தூர் தாலுகாவில் எங்களுக்குச் சம்பந்தி வீடு இருக்கிறது. (எங்கள் ஜில்லாவும் சித்தூர், அதுவும் சித்தூர். தபால்காரர் பாவம்.) அங்கே 2021லிருந்து 1,600 ரூபாய். கேரளத்தில் பஞ்சாயத்தே மனுவை முடிவு செய்கிறது, கூட்டுறவு வங்கி ஆட்கள் வீட்டுக்கும் கொண்டு வருவார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 2023 கடைசியில் மாதக்கணக்கில் நிலுவை. இடுக்கி மாவட்டம் அடிமாலியில் அந்த நவம்பரில் இரண்டு மூதாட்டிகள் பிச்சைச் சட்டியோடு தெருவில் இறங்கியது செய்தியாக வந்து ஊரே பேசியது. 2025 நவம்பரிலிருந்து 2,000 ஆக்கியிருக்கிறார்கள். நல்லது. ஆனால் மாத்திரைக் கடைக்காரர் தொகையைக் கேட்பதில்லை, எப்போது தருவாய் என்றுதான் கேட்பார். தேதி தவறாமல் வருகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இனி நீங்கள் உடனே செய்ய வேண்டியது. இறப்புச் சான்றிதழ். இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும், வீடு எங்கே என்பது கணக்கில்லை. பெரியப்பா இறந்தது திருத்தணியில், அதனால் சான்றிதழ் தமிழ்நாட்டுச் சான்றிதழாகத்தான் வரும், தமிழிலும் இங்கிலீஷிலும். அது நகரியில் செல்லும், பயப்பட வேண்டாம். ஆஸ்பத்திரியில் தகவல் கொடுத்தபோது யார் போனது, என்ன சொன்னீர்கள் என்று பாருங்கள். அவசரத்தில் பலர் தங்கள் வீட்டு முகவரியையே நிரந்தர முகவரி என்று சொல்லிவிடுவார்கள். பெரியப்பாவின் நிரந்தர முகவரி நகரி முகவரியாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சச்சிவாலயத்தில் ‘இவர் தமிழ்நாட்டுக்காரர் போலிருக்கிறதே’ என்று ஆரம்பிப்பார்கள். 21 நாளுக்குள் பதிவானால் சிக்கல் இல்லை, தாண்டினால் தாமதக் கட்டணம், கடிதம், அலைச்சல்.

அடுத்து பெயர். எல்லைக்காரர்களின் தீராத வியாதி இது. நமக்குப் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து. தெலுங்கருக்கு இண்டி பேர், அதாவது வீட்டுப் பெயர், முழுசாக முன்னால் வரும். கணக்கெடுக்க வந்தவர் ‘இண்டி பேரு ஏமி?’ என்று கேட்டிருப்பார், நம் ஆள் முழித்திருப்பார், வந்தவர் எதையோ எழுதியிருப்பார். அதனால் ஆதாரில் ‘கே. கோவிந்தம்மாள்’, ரைஸ் கார்டில் ‘காஞ்சி கோவிந்தம்மா’, வங்கிப் புத்தகத்தில் ‘கோவிந்தம்மாள் கே’. மூன்றும் ஒரே அம்மாள்தான், கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். ஏழுமலைகளின் கதி இன்னும் மோசம். தெலுங்கில் ழகரம் இல்லை, அதனால் ‘ஏலுமலை’, ‘எலுமலை’, இங்கிலீஷில் வேறு நாலு விதம். பெரியப்பாவின் ஆதாரில் இங்கிலீஷில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அதே மாதிரி இறப்புச் சான்றிதழில் வரவேண்டும். அச்சடித்த பிறகு திருத்துவதைவிட அடிக்கும் முன்னால் ஒருமுறை பார்ப்பது சுலபம்.

பெரியம்மாவின் ஆதாரில் கணவர் பெயர் இல்லாமல் அப்பா பெயரே இருந்தாலும் தவறில்லை, ரைஸ் கார்டில் இருவரும் ஒன்றாக இருப்பதே போதும். அதனால் கார்டிலிருந்து பெரியப்பா பெயரை எடுக்கும் முன்னால் ஒரு நகல் எடுத்து வையுங்கள். எடுத்த பிறகு பெரியம்மா தனிநபர் கார்டாக இருக்கட்டும். உங்கள் சித்தப்பா மகன் யாரோ நகரியிலேயே அரசு வேலையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ‘அத்தனை பேரும் ஒரே கார்டில் இருப்போமே’ என்று அன்பாகச் சொல்வார், சம்மதிக்காதீர்கள். ஒரே கார்டில் அரசு ஊழியர் வந்த நாள் பென்ஷன் போகும்.

பெரியப்பா இறந்ததைச் சச்சிவாலயத்தில் சொல்லாமல் ஒரு மாதம் ஓட்டலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ரேகை இல்லாமல் யாரும் வாங்க முடியாது என்பது ஒருபுறம். முன்னொரு தடவை எங்கள் பக்கம் ஒருவர் எப்படியோ வாங்கிவிட்டார், பிறகு அந்தப் பணத்தைத் திருப்பிக் கட்டும்வரை விதவை பென்ஷன் மனு நகரவே இல்லை. மூன்றாயிரத்துக்கு ஏழு மாதம் போயிற்று.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று. பெரியம்மாவுக்கு வீடு இருக்கிறது, பிள்ளை இல்லை. அந்த அரசு வேலைக்காரத் தம்பி ‘எழுதிக் கொடுத்துவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று கேட்பதாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறீர்கள். 2007ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில், பிள்ளை இல்லாதவரின் சொத்து யாருக்கு வரப்போகிறதோ அந்த உறவினருக்கும் அவரைக் காப்பாற்றும் கடமை உண்டு. ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில் வக்கீல் இல்லாமலே மனு கொடுத்து மாதம் 10,000 வரை கேட்கலாம். அதே சட்டத்தின் 23வது பிரிவு, என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் திரும்ப வாங்க வழி தருகிறது. ஆனால் அந்த நிபந்தனை பத்திரத்திலேயே எழுத்தில் இருப்பதுதான் பாதுகாப்பு. ‘அன்பினால் தானமாகக் கொடுக்கிறேன்’ என்று மொட்டையாக எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் கோர்ட்டில் நின்று அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். எழுதவே வேண்டாம் என்பது என் கட்சி. உயிரோடு இருக்கும்வரை வீடு அவர் பெயரில் இருக்கட்டும், பிறகு யாருக்கு என்று உயில் எழுதலாம், மனசு மாறினால் மாற்றியும் எழுதலாம். அவரை யாராவது மிரட்டினால் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது, இரண்டு மாநிலத்துக்கும் அதே எண்தான்.

இறப்புச் சான்றிதழ், பெரியப்பாவின் பென்ஷன் எண், இருவர் ஆதார், ரைஸ் கார்டு நகல், பெரியம்மாவின் செல்போன். இவற்றோடு அவரையும் கூட்டிக்கொண்டு சச்சிவாலயத்துக்கு நீங்களே போங்கள். வெல்ஃபேர் செக்ரட்டரி யார் என்று கேட்டு அவரிடமே கொடுங்கள், மனு எண் போட்ட ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். மாதப் பாதிக்கு முன்னால் கொடுத்துவிட்டால் நல்லது. தெலுங்கு பேச வராது என்று தயங்க வேண்டாம், நகரியில் பாதி ஆபீசுக்குத் தமிழ் புரியும். புரியாத மாதிரி இருப்பவர்களுக்கும் புரியும். சான்றிதழ் அச்சாகும் முன்னால் பெரியப்பா ஆதாரில் இருக்கும் இங்கிலீஷ் எழுத்துகளை ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதித் திருத்தணிக்கு எடுத்துக்கொண்டு போங்கள், வாயால் சொல்லாதீர்கள்.